மெழுகில் பிறந்த பறவைகள்

தாமிரபரணி என்றதும் நெல்லும் வாழையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஏரல், ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களில் வாழ்வோர்க்கு அந்நினைவு இயல்பானதே. ஆயினும், அவ்வாற்றங்கரை உழவரை மட்டும் வளர்க்கவில்லை. உலோகத்தை உருக்கி, அதில் பறவைக்கும் விலங்கிற்கும் வடிவு கொடுத்த கைவினைஞரையும் வளர்த்தது. அவர்தம் தொழிலைப் பற்றிச் சில சொல்லக் கருதுகின்றேன்.

ஏரலிலிருந்து ஆற்றின் போக்கை எதிர்த்து மேற்கே சென்றால், ஸ்ரீவைகுண்டத்திற்கு அப்பால், தென்கரையில் ஆதிச்சநல்லூர் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகேயுள்ள பரம்பு முழுவதும் தாழிகளின் நிலம். இறந்தோரைப் பெரிய மட்பாண்டங்களில் இட்டுப் புதைத்த பழங்கால இடுகாடு அது. 1876-ஆம் ஆண்டில் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகர் அங்கே முதன்முதலில் அகழ்ந்தார். 1899-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ என்னும் தொல்பொருள் துறை அதிகாரி முறையாக ஆராய்ந்தார். அவர் கண்டெடுத்தவற்றின் பட்டியல் 1915-இல் அச்சாகி வெளிவந்தது. 2004-ஆம் ஆண்டையொட்டி நடந்த அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைக் கரிக் கணிப்பிற்கு உட்படுத்தியபோது, கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலங்கள் தெரியவந்தன.

அத்தாழிகளோடு கிடைத்த பொருள்களை நோக்குங்கால் ஒரு செய்தி புலப்படுகின்றது. வாள், வேல், மண்வெட்டி முதலான கருவிகள் இரும்பால் ஆனவை. வெண்கலமோ கலங்களுக்கும் அணிகளுக்கும் உரியதாயிற்று. உழைப்பிற்கு இரும்பு, அழகிற்கு வெண்கலம் என்று அம்மக்கள் பகுத்துக்கொண்டனர் போலும்! அவ்வெண்கலப் பொருள்களுள் நம் உள்ளத்தைக் கவர்வன சின்னஞ்சிறு உருவங்களே. எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டு உயிர்களும், புலி, மான், யானை ஆகிய காட்டு உயிர்களும், பறக்கும் நிலையிலுள்ள பறவைகளும் அவற்றில் உண்டு. கலங்களின் மூடிமேல் அழகுக்காக அமைக்கப்பட்டவையும் அவற்றுட் பல. வயலில் கண்ட எருமையையும், முற்றத்தில் கூவிய சேவலையும் மறவாமல் வைத்திருந்த கண்கள் அவற்றைப் படைத்திருக்கின்றன.

இத்தகைய உருவங்களை வார்ப்பதெங்ஙனம்? மெழுகை முதலாகக் கொண்ட முறையால் என்பது அறிஞர் துணிபு. அம்முறை இன்றும் தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் வழங்குகின்றது. தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவர். இளஞ்சூட்டில் அது குழைந்து கைக்கு இணங்கும். அதனைக் கொண்டு, உலோகத்தில் வேண்டும் உருவம் அனைத்தையும், கண் இமை, இறகின் கோடு வரை, முதலில் அமைத்துக்கொள்வர். பின்பு ஆற்று வண்டலை மெல்லிதாகப் பூசி நிழலில் உலர்த்துவர். அதன்மேல் பருமண் பூசுவர். மெழுகு வெளியேறவும் உலோகம் உட்புகவும் வழி விடுவர். மண் கூட்டைச் சூடேற்றினால் மெழுகு உருகி ஒழிகின்றது. அது இருந்த வெற்றிடத்தில், உருக்கிய உலோகம் சென்று நிறைகின்றது. ஆறியபின் மண் கூட்டை உடைத்து, அரத்தாலும் உளியாலும் உருவத்தைச் செப்பம் செய்வர்.

இதில் எடைக் கணக்கும் உண்டு. மெழுகுருவை முதலில் நிறுத்துக்கொண்டால், வேண்டும் உலோகத்தின் அளவு தெரிந்துவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் நூல், செம்புக்கும் பித்தளைக்கும் மெழுகைப்போல் எட்டு மடங்கும், வெள்ளிக்குப் பன்னிரண்டு மடங்கும், பொன்னுக்குப் பதினாறு மடங்கும் கொள்ளச் சொல்கின்றது. உலோகம் குறைந்தால் உருவம் முழுமை பெறாது. அரைகுறை உருவத்திற்கு மறுவார்ப்பு கிடையாது.

ஏனெனில், இம்முறையில் ஒரு மெழுகுருவிற்கு ஒரே வார்ப்பு. மெழுகும் போயிற்று, மண் கூடும் உடைந்தது. அடுத்த பறவையை மறுபடியும் மெழுகிலிருந்தே தொடங்கல் வேண்டும். ஆதலால் ஆதிச்சநல்லூர்ப் பறவை ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் தனிக் கவனத்தைப் பெற்றதென்று கொள்ளலாம். எந்த உருவை அவன் கையால் வனைந்தானோ, அவ்வுரு நமக்கு எஞ்சவில்லை. அது அழிந்ததனாலேயே இது பிறந்தது!

இந்நிலத்தாரின் உலோக அறிவு வார்ப்போடு நிற்கவில்லை. நூற்றுக்கு இருபத்து மூன்று பங்களவு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை, செந்தழல் நிறத்தில் சம்மட்டியால் தட்டி, நீரில் தோய்த்து, மெல்லிய கலங்களாக்கிய செய்தியையும் ஆய்வுகள் கூறுகின்றன. அவ்வாறு தோய்க்காவிடில் அவ்வுலோகம் எளிதில் நொறுங்கிவிடும். வெள்ளீயம் இப்பள்ளத்தாக்கில் கிடைக்கும் பொருளன்று. வெளியிலிருந்து பண்டமாற்றால் வந்திருத்தல் வேண்டும். எனவே, ஒரு சிறு கலத்தின் பின்னே உலைக்களத்தின் அறிவும் வணிகரின் பயணமும் நிற்கின்றன.

இவ்வளவு செய்த கைவினைஞனின் பெயர் நமக்குத் தெரியாது. தாழியில் அவன் பெயரைப் பொறிக்கவில்லை. அவன் படைப்புகளுள் சில பெர்லின் சென்றன. பாரிசுக்கும் சில சென்றன. ரீ கண்டவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. ஆற்றங்கரைச் சிறுவன் தன் ஊர்ப் பறவையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்த காலம் நூறாண்டிற்கு மேல் நீடித்தது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்து, ஆதிச்சநல்லூரிலேயே காட்சிக்கு வழி செய்தது அக்குறையை ஓரளவு நீக்கியது.

இன்று நகை செய்யும் பட்டறைகளில், கணிப்பொறி வரைந்த உருவைப் பிளாஸ்டிக்கிலோ மெழுகிலோ ஓர் இயந்திரம் படைக்கின்றது. அதன்மேல் கூடு கட்டி, எரித்து நீக்கி, பொன்னை வார்க்கின்றனர். கருவி புதிது, கருத்து பழையது. முதலில் எளிதில் குழையும் பொருளில் உருவை முடித்துக்கொள். பின்பு அதனை இழக்கத் துணி. உலோகம் நிலைத்து நிற்கும் என்னும் அவ்வறிவை, வண்டலும் மெழுகும் கையுமாய் இருந்த ஒருவன், ஏரலைத் தழுவி ஓடும் அதே ஆற்றின் கரையில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கைக்கொண்டிருந்தான். வாழையும் நெல்லும் போலவே அவனும் நம் ஆற்றின் விளைவுதான். அவனை நினைப்பது நம் கடன்.