ஐரோப்பியக் காட்சிச் சீனப் பீங்கான்

ஐரோப்பியச் சந்தைக்கென்றே, பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில், சீனாவில் செய்யப்பட்ட கலங்கள். ஜிங்டெஜென் சூளைகளில் வெந்த வெள்ளைப் பீங்கானுக்குக் கான்டன் துறைமுகப் பட்டறைகளில் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டார்கள். கப்பலில் வந்த ஐரோப்பிய அச்சுப்படங்களே மாதிரி: கிரேக்கத் தொன்மம், விவிலியக் காட்சி, குடும்பச் சின்னம். செப்புத்தகட்டு அச்சில் நிழலுக்காக விழுந்த குறுக்குக் கோடுகளைக்கூட மெல்லிய தூரிகையால் கருமையில் ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த ஓவியர்களின் பொறுமை வியக்க வைக்கிறது. நீர் பட்டாலும் கெடாது என்பதால் கப்பலின் அடியில் பாரமாகப் பீங்கானை அடுக்கி, அதன்மேல் தேயிலையை ஏற்றினர். சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரும் தங்கள் சின்னம் தீட்டிய கலங்களைக் கான்டனிலிருந்து வரவழைத்தனர். கம்பெனியாரும் ஆற்காட்டு நவாப்புகளும் புழங்கிய பீங்கான்களை, 1948இல் திறக்கப்பட்ட சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் காணலாம்.