படிக்கட்டுக் கடையின் கணக்கு

திருத்தணியின் வரலாறு என்றால் எல்லாரும் 1960 ஏப்ரல் 1-ஐச் சொல்வார்கள். ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு ஊர் வந்து சேர்ந்தது. எனக்கு அதே அளவுக்கு முக்கியமாகப் படும் இன்னொரு தேதி 2016 நவம்பர் 8.

மலைக்கு 365 படிகள். தேங்காய், பூ, விபூதி விற்கிற கடைக்காரர்கள் தமிழிலும் தெலுங்கிலும் விலை சொல்வார்கள். கணக்கு மட்டும் எந்த மொழியிலும் எழுதப்படாமல் சுருக்குப்பையிலும் தலைக்குள்ளும் இருந்தது. அன்றிரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்து வந்த 2000 ரூபாய் நோட்டை நீட்டி ஒரு தேங்காய் கேட்டால், "சில்லறை இல்லைங்க" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

யுபிஐ அதே ஆண்டு ஏப்ரலில்தான் அறிமுகமாகியிருந்தது. கியூஆர் குறி இன்னும் பழசு. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. கார்டு தேய்க்கும் மெஷின் வாங்க முடியாத கடைக்கு ஓர் அட்டை போதுமென்றானது.

இதனால் வியாபாரம் பெருகியதா? கூட்டம் முருகனுக்காக வருகிறது, அட்டைக்காக இல்லை. சில்லறையில்லாமல் கைவிட்டுப் போகும் விற்பனை மிஞ்சும், அவ்வளவுதான். பெரிய மாற்றம் வேறு. தலைக்குள் இருந்த கணக்கு வங்கியில் எழுத்தாகப் பதிந்தது. 2020இல் வந்த ஸ்வநிதி திட்டம் தெருவோர வியாபாரிக்கு அடமானமில்லாமல் 10,000 ரூபாய் கடன் தந்தது. டிஜிட்டலில் வாங்கி விற்றால் கேஷ்பேக்கும் உண்டு. கந்துவட்டிக்காரரைத் தவிர யாரும் நம்பாதவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் எழுத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாமே! 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதிவைத்தன. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் என்ற வரம்பு புதிதல்ல, கண்ணில் பட்டதுதான் புதிது. அந்த வரவில் லாபம் எவ்வளவு, மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாத்து எவ்வளவு என்று செயலி பிரித்துச் சொல்லாது.

கடனும் நோட்டீஸும் ஒரே கணக்கிலிருந்துதான் வருகின்றன. அட்டையைக் கழற்றினால் கடனும் போய்விடும். கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. கூடவே கொள்முதல் எழுத நாற்பது பக்க நோட்டு. தன் கணக்கைத் தானே முதலில் படிக்கிற கடைக்காரருக்குத்தான் அந்த அட்டை லாபம்.