பப் குவிஸ் லீக்

பிரிட்டனில் மதுக்கூடங்களைத் தளமாகக் கொண்ட அணிகள், இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தகாலம் வரை, வாரத்தில் ஓர் இரவு ஒன்றோடொன்று மோதும் பொது அறிவுப் போட்டித் தொடரே பப் குவிஸ் லீக். கால்பந்து லீக்கில் உள்ள ஏற்பாடுகள் பெரும்பாலும் இதிலும் உண்டு. புள்ளிப் பட்டியல் உண்டு, பிரிவுகள் உண்டு, முதலிடம் பிடித்தவர்கள் மேல் பிரிவுக்கு ஏறுவார்கள், கடைசியில் நிற்பவர்கள் கீழே இறங்குவார்கள். ஒவ்வோர் அணியோடும் ஒரு முறை சொந்த இடத்திலும் ஒரு முறை எதிரணியின் இடத்திலும் ஆடவேண்டும். சீசன் முடிவில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சிறிய கோப்பைதான். அதற்காக இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரே எதிரிகளோடு மல்லுக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

மதுக்கூடங்களில் நடக்கும் வழக்கமான வினாடி வினா இரவு வேறு, லீக் வேறு. அந்த இரவில் யார் வேண்டுமானாலும் தலைக்கு ஒன்றிரண்டு பவுண்டு கட்டி உட்காரலாம். மேசைக்கு ஓர் அணி. காகிதத்தில் விடை எழுதிப் பக்கத்து மேசையிடம் திருத்தக் கொடுப்பார்கள். லீக்கில் இரண்டே அணிகள் நேருக்கு நேர் உட்காருகின்றன. விடையை வாயால், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லவேண்டும். தெரியாததை மறைக்க இடமே இல்லை.

இதன் வேர் தொழிலாளர் குடியிருப்புகளில் இருக்கிறது. டார்ட்ஸ், டொமினோ ஆட்டங்களுக்கு மதுக்கூடங்களுக்கு இடையேயான லீக்குகள் வெகுகாலமாகவே இருந்தன. அந்த அமைப்பிலேயே கேள்வி பதிலையும் நடத்தலாம் என்ற எண்ணம் லிவர்பூலை உள்ளடக்கிய மெர்ஸிசைடு பகுதியில் 1950-களின் இறுதியிலேயே செயலுக்கு வந்துவிட்டது. நாடு தழுவிய பரவல் 1976-க்குப் பிறகு நடந்தது. ஷரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர், கூட்டம் வராத இரவுகளில் மதுக்கூடங்களை நிரப்புவதற்காகத் தெற்கு இங்கிலாந்தில் 32 அணிகளை மூன்று லீக்குகளாகப் பிரித்துப் போட்டிகளைத் தொடங்கினார்கள். உச்சத்தில் வாரம் 10,000 அணிகள் வரை அவர்களுடைய கேள்விகளுக்கு விடை சொல்லின. கனடாவில் பிறந்து 1981-இல் விற்பனைக்கு வந்த ‘டிரிவியல் பர்சூட்’ பலகை விளையாட்டு இந்த ஆர்வத்தை வீடுகளுக்குள்ளும் கொண்டுபோனது. 2009-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கு, பிரிட்டனில் வாரந்தோறும் 22,445 மதுக்கூட வினாடி வினாக்கள் நடப்பதாகச் சொன்னது.

தொலைக்காட்சியின் பங்கையும் சொல்லவேண்டும். 1962-இல் தொடங்கிய ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ பல்கலைக்கழக மாணவர்களின் மேடை. ஆனால் 1972-இல் வந்த ‘மாஸ்டர்மைண்ட்’ நிகழ்ச்சியை 1980-இல் வென்ற ஃபிரெட் ஹவுஸ்கோ, லண்டனில் டாக்ஸி ஓட்டியவர். 1983-இல் வென்ற கிறிஸ்டோபர் ஹியூஸ், லண்டன் பாதாள ரயில் ஓட்டுநர். அறிவுக்கும் பட்டத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பழகிய சமூகத்துக்கு இந்த இரண்டு வெற்றிகளும் பெரிய செய்தி. லீக் மேசைகளில் அது புதிய செய்தியே அல்ல. தபால்காரரும் பேராசிரியரும் அங்கே ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்கள்.

ஆட்டமுறை ஊருக்கு ஊர் மாறும். 1990-இல் உருவான லண்டன் குவிஸ் லீக்கின் முறையை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். அணிக்கு நான்கு பேர். எட்டுச் சுற்றுகள், சுற்றுக்கு எட்டுக் கேள்விகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் அவருக்கே உரிய ஒரு கேள்வி வரும். கூட்டாளிகளைக் கேட்காமல் சரியாகச் சொன்னால் 2 புள்ளி. கலந்து பேசிச் சொன்னால் 1. தவறினால் கேள்வி எதிரணிக்குப் போகும், அவர்கள் சொன்னால் அவர்களுக்குப் போனஸாக 1.

இந்த எளிய கணக்குக்குள்தான் ஆட்டத்தின் சூடு முழுவதும் இருக்கிறது. விடை நாக்கு நுனியில் நிற்கிறது, ஆனால் உறுதியில்லை. தனியாகச் சொல்லி இரண்டுக்கு ஆசைப்படுவதா, நண்பர்களைக் கேட்டு ஒன்றோடு திருப்தி அடைவதா? தனியாகச் சொல்லித் தவறிவிட்டால், விடை தெரிந்த மூன்று கூட்டாளிகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, புள்ளி எதிரே போகும். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியே பேச்சு இருக்கும்.

போட்டி இவ்வளவு கடுமையாக இருந்தும் பகையாக முற்றுவது அரிது. ஆடுபவர்கள் எல்லோரும் சாந்த குணத்தவர்கள் என்பதல்ல காரணம். லீக்கின் விதிகளே பகையை வளரவிடாதபடி அமைந்திருக்கின்றன. பல லீக்குகளில் அணிகள் முறைவைத்துக் கேள்வித்தாள் தயாரிக்கின்றன. ஒரு வாரம் ஓர் அணி ஆடாமல் மற்ற எல்லோருக்குமாகக் கேள்வி எழுதும். நல்ல கேள்வி எழுதுவது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால், அடுத்த வாரம் வாய்க்கு வந்தபடி குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கேள்வியை வாசிப்பவரைப் பெரும்பாலும் சொந்த இடத்து அணியே ஏற்பாடு செய்யும். அவருடைய நேர்மையை எதிரணி நம்பித்தான் ஆகவேண்டும். திரும்ப ஆடும்போது அதே நம்பிக்கையை இவர்களும் வைக்கவேண்டியிருக்கும்.

பிறகு சாப்பாடு. வடக்கு இங்கிலாந்தின் பல லீக்குகளில் ஆட்டம் முடிந்ததும், அல்லது பாதியில், வந்த அணிக்கும் சேர்த்து சாண்ட்விச்சோ சூடான ‘பை’ (pie) பண்டமோ மேசைக்கு வரும். இதில் கஞ்சத்தனம் காட்டும் மதுக்கூடத்துக்கு லீக் முழுவதும் கெட்ட பெயர் சேர்ந்துவிடும். ஒரே தட்டில் கைவைத்தபடி சற்றுமுன் நழுவிய கேள்வியைப் பற்றிப் பேசும் அரைமணி நேரமே இந்தப் போட்டியின் சிறந்த பகுதி. எதிரணியில் ஓபரா யாருக்குத் தெரியும், கிரிக்கெட் கேள்வியில் யார் தடுமாறுவார், எந்த நாட்டின் தலைநகரை யார் எப்போதும் மாற்றிச் சொல்வார் என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவருகிறது. எதிரியை இவ்வளவு நெருக்கமாக அறிய வைக்கும் விளையாட்டுகள் குறைவு.

சச்சரவு இல்லாமலும் இல்லை. நிரந்தரப் புகார் ஒன்று உண்டு: எதிரணிக்கு விழுந்த கேள்விகள் எளிது. இரு தரப்புக்கும் இணையான கடினம் உள்ள கேள்விகளை ஜோடியாக எழுதச் சொல்வது அதனால்தான். இன்னொரு சச்சரவு, தாளில் உள்ள விடையே தவறாக இருப்பது. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, தொலைக்காட்சித் தொடரில் வரும் துப்பறிவாளர் கொலம்போ. ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்க எழுத்தாளர், தம் பொது அறிவுத் தொகுப்பிலிருந்து யாராவது திருடினால் பிடிப்பதற்காக, கொலம்போவின் முதற்பெயர் ‘பிலிப்’ என்று ஒரு பொய்த் தகவலை வேண்டுமென்றே சேர்த்துவைத்தார். அது ‘டிரிவியல் பர்சூட்’ அட்டையில் ஏறியது. 1984-இல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்ற அடிப்படையில் தோற்றார். அந்தப் பொய்யோ பல கேள்வித்தாள்களில் உண்மையாகவே உலவியது. இப்படிப்பட்ட நேரங்களுக்காகவே ஒரு விதி இருக்கிறது: கேள்வி கேட்பவரின் தீர்ப்பே இறுதி. தவறான தீர்ப்பாக இருந்தாலும் ஆட்டம் தொடரும்.

கைப்பேசி வந்தபின் வினாடி வினா இரவுகளில் கழிப்பறைக்குப் போய்த் தேடிவிட்டு வருவது பெருந்தொல்லையானது. லீக் இதில் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. கேள்வி ஒருவரை நோக்கி வருகிறது, சில நொடிகளில் விடை வேண்டும், எதிரே நான்கு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஏமாற்ற நேரமும் இல்லை, மறைவும் இல்லை.

அணிப் பெயர் வைப்பது தனிக் கலை. ‘அகதா குவிஸ்டி’, ‘லே குவிஸராப்லே’ என்று பிரபலப் பெயர்களுக்குள் ‘குவிஸ்’ என்ற சொல்லை நுழைக்கும் சிலேடைகள் வினாடி வினா இரவுகளில் நாடெங்கும் ஒலிக்கும். லீக்கில் பலரும் மதுக்கூடத்தின் பெயரிலேயே ஆடுகிறார்கள்.

அந்த மதுக்கூடங்களே குறைந்து வருவதுதான் இன்றைய கவலை. 2000-இல் பிரிட்டனில் சுமார் 60,000 இருந்தன; இருபது ஆண்டுகளில் அது 47,000 அளவுக்கு இறங்கியது. 2020 மார்ச் 20 அன்று கொரோனாவால் எல்லாமே மூடப்பட்டன. அப்போது லங்காஷயரின் டார்வென் நகரைச் சேர்ந்த ஜே ஃபிளின், தம் உள்ளூர் மதுக்கூடத்து நண்பர்களுக்காக இணையத்தில் நடத்த எண்ணிய வினாடி வினா, தவறுதலாக எல்லோருக்குமான அழைப்பாகப் போய் லட்சக்கணக்கானவர்களை இழுத்தது. லீக் ஆட்டக்காரர்கள் அதே ஆண்டில் ஆன்லைன் குவிஸ் லீக்கைத் தொடங்கினார்கள். நால்வர் அணி, நேருக்கு நேர் கேள்வி என்ற அதே முறை, காணொளி வழியாக வேறு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

மதுக்கூடங்கள் திறந்ததும் லீக்குகளும் மேசைக்குத் திரும்பின. புதிய அணி சேர்வதற்குத் தகுதித் தேர்வு எதுவும் கிடையாது. வாரத்தில் ஓர் இரவை ஒதுக்கக்கூடிய நான்கு பேரும், அவர்களுக்கு ஒரு மூலையில் மேசை தரச் சம்மதிக்கும் மதுக்கூடமும் இருந்தால் போதும். பெரும்பாலும் கடைசிப் பிரிவில் தொடங்கவேண்டியிருக்கும்.