‘ஸ்டஜோனே’ பிறந்த கதை

இத்தாலியில் ரயில் நிலையத்துக்கு ‘ஸ்டாட்ஸியோனே’ என்று பெயர். பருவகாலத்துக்கு ‘ஸ்டஜோனே’. இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். தாய், ‘நிற்றல், தங்கல்’ எனப் பொருள்படும் லத்தீன் ‘ஸ்டாட்டியோ’.

ரயில் நிற்கிறது, சரி. பருவத்தில் எது நிற்கிறது? சூரியன்தான். வானத்தில் அது ஒவ்வோர் இடமாகத் தங்கித் தங்கிப் போவதாகப் பழைய ஆட்கள் கணக்கு வைத்தார்கள். ஜூனிலும் டிசம்பரிலும் திசை திரும்புமுன் அது அசையாமல் நிற்பதுபோலவே தோன்றும். அந்த நாளுக்கு லத்தீனில் ‘சோல்ஸ்டிட்டியம்’, அதாவது சூரியன் நிற்றல். ‘ஸ்டஜோனே’வும் இந்த வழியில் வந்தது என்பதே அகராதிக்காரர்கள் பெரிதும் சொல்லும் விளக்கம்.

பேச்சுவழக்கில் உருண்டு தேய்ந்தது ‘ஸ்டஜோனே’. பின்னாளில் படித்தவர்கள் ஏட்டிலிருந்து நேராக எடுத்தது ‘ஸ்டாட்ஸியோனே’. நாம் குற்றாலத்துக்குச் சொல்லும் ‘சீசன்’ வேறு குடும்பம். அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர், விதைப்பைக் குறிக்கும் ‘சாட்டியோ’.

இத்தாலியச் சொல் பிறகு பல வேலைகள் பார்த்தது. இசை நாடக அரங்குகளின் நிகழ்ச்சிக் காலமும் ‘ஸ்டஜோனே’தான். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அது டிசம்பர் 7 அன்று, நகரின் காவல் புனிதர் அம்புரோஸ் திருநாளில் தொடங்குகிறது. வசந்தமும் இலையுதிர்காலமும் ‘மெட்ஸா ஸ்டஜோனே’, அரைப் பருவம். “இப்போதெல்லாம் அரைப் பருவமே கிடையாது” என்பது அங்கே பேச்சு வற்றினால் எடுத்துவிடும் வசனம். சொல்பவரைக் கேலி செய்வதும் உண்டு.

எனக்குப் பிடித்தது இதன் வினைச்சொல்தான். ‘ஸ்டஜோனாரே’ என்றால் பதப்படவிடுவது. மரத்துக்கும் சொல்வார்கள், பாலாடைக்கட்டிக்கும் சொல்வார்கள். பார்மா வட்டாரக் கிடங்குகளில் சுமார் 40 கிலோ எடையுள்ள பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிச் சக்கரங்கள் மரப்பலகைகளில் கூரைவரை அடுக்கியிருக்கும். அவ்வப்போது துடைத்துப் புரட்டிவைப்பார்கள். குறைந்தது ஓராண்டு ஆனதும் பரிசோதகர் சிறு சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார். உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் சத்தம் மாறிவிடும். சூரியனுக்குச் சொன்ன நிற்றல் உண்மையிலேயே நடப்பது இந்தப் பலகைகளில்தான் என்பேன்.

கடையில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ வாங்கினால் உறையில் மாதக் கணக்கைப் பாருங்கள். 12 மாதத்துக்குக் குறைந்ததை அந்தப் பெயரில் விற்க அனுமதி இல்லை.