தேரி மணலும் தொல்சான்றும்

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடற்பகுதியில் அமைந்த செம்மணற் குன்றுகள் தேரி எனப்படும். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் குதிரைமொழித் தேரி இவற்றுள் பெரியதொன்று. இயற்கைக் காட்சியை நாடியும் மணலில் ஏறியிறங்கும் இன்பத்தை நாடியும் இந்நாளில் பலர் இங்கு வருகின்றனர். அவர்கள் மிதித்தேறும் மணல் எத்தகைய வரலாற்றுச் சான்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லாட்சியைத் தெளிதல் வேண்டும். சங்கச் செய்யுட்களில் நெய்தல் நிலத்தைப் பாடுமிடத்துப் பயிலும் எக்கர் என்னுஞ் சொல் அலை ஒதுக்கிய மணல்மேட்டை உணர்த்தும். தேரியோ காற்றுக் குவித்தது. கரையினின்றும் விலகி உள்நாட்டிலும் பரவியது. மணற்றுகள்களின்மேற் படிந்த இரும்புத் துருப் படலமே அதன் செந்நிறத்துக்குக் காரணம். எனவே எக்கர் வருமிடமெல்லாம் தேரியெனப் பொருள் கோடல் பொருந்தாது.

தேரிக்குச் செல்லுதலும் புதிய வழக்கன்று. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் ஐயனார் கோயிலின் கள்ளர்வெட்டு விழாவுக்குத் திரளும் மக்கள், இளநீர் வெட்டப்பட்ட இடத்து மணலைப் புனிதமெனக் கொண்டு செல்வர். அம்மணலை மக்கள் பொருளாக மதித்தமைக்கு இது சான்று.

இனி, தொல்லியற் சான்றை நோக்குவாம். சாயர்புரத்துத் தேரியில் மக்கள் செய்த சிறு கற்கருவிகள் உள்ளமையை 19ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலறிஞர் இராபர்ட் புரூசு பூட் கண்டறிந்தார். 1956இல் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் இவற்றை விரிவாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். கருவிகள் பலவற்றில் தேரியின் செங்கறை படிந்திருத்தலைக் கொண்டும், பண்டைக் கடல்மட்டத்தைக் கொண்டும், அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 4000 என அவர்கள் கருதினர்.

மணற்றுகள் இறுதியாகக் கதிரொளி கண்ட காலத்தைக் கணக்கிடும் முறை பிற்காலத்தே தோன்றியது. மூடுண்டு கிடக்கும் அடுக்கின் வயதை அம்முறை உரைக்கும். அவ்வடுக்கு அகழப்பட்டு வெயில் படின், கணக்கு அழிந்துபோம். கருவியும் அவ்வாறே, கிடந்த இடத்தினின்றும் பெயர்க்கப்பட்டபின் அது தன் காலத்தை உணர்த்தும் ஆற்றலைப் பெரிதும் இழக்கும்.

ஆதலின், தேரியைக் காணச் செல்வோர் நடந்து சென்று காண்டல் நன்று. சரிவுகளை ஊர்தியாற் கிளறுதலும், கண்ட கல்லை எடுத்து வருதலும் தகா. கல்வெட்டுச் சிதைந்தால் அதன் படியேனும் எஞ்சலாம். தேரியின் அடுக்குக்குப் படியில்லை.