தேயிலைக் கொப்புள நோய்

தேயிலைக் கொப்புள நோய், எக்சோபாசிடியம் வெக்சன்ஸ் என்னும் பூஞ்சையால் தேயிலைக் கொழுந்தில் உண்டாவது. ஆசிய மலைத் தோட்டங்களுக்குப் பேரிழப்பைத் தரும் நோய்களுள் ஒன்று. எடுத்துக்காட்டாக, மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் வடபகுதியிலுள்ள கோலா தெர்லா வட்டாரத்தின் குளிரும் மழையும் பனிமூட்டமும் இப்பூஞ்சைக்கு உகந்தவை.

பரவல்

1868இல் அசாமில் முதன்முதலாக அறியப்பட்டது. 1898இல் ஜார்ஜ் மாசி இப்பூஞ்சைக்குப் பெயரிட்டு விவரித்தார். 1946இல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாக்கியது. 1949இல் சுமத்ராவிலும் 1950இல் மலாயாவிலும் 1951இல் ஜாவாவிலும் தோன்றியது.

நோயின் போக்கு

காற்றில் வரும் வித்துகள் ஈரமான இளந்தளிரில் முளைத்து உள்ளே நுழைகின்றன. முதலில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தோன்றும். பின்னர் இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்ணிறக் கொப்புளமாகப் புடைக்கும். அதிலிருந்து புதிய வித்துகள் கிளம்பும். சூழலைப் பொறுத்து இந்தச் சுழற்சி 11 முதல் 28 நாள்களில் முடியும். முற்றிய இலையை இப்பூஞ்சை தாக்குவதில்லை. ஆகவே பறிக்கும் கொழுந்தே பறிபோகிறது. கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் செடிகளுக்கு ஆபத்து மிகுதி.

நொதிகளின் பங்கு

இப்பூஞ்சை உயிருள்ள திசுவிலிருந்தே உணவு பெறுகிறது. தாக்குதலை உணர்ந்த இலை, ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ், பெராக்சிடேஸ் முதலிய நொதிகளைப் பெருக்குகிறது. முன்னது ஃபீனால் சேர்மங்கள் உருவாக வழி திறக்கிறது. பின்னது செல்சுவரை உறுதிப்படுத்த உதவுகிறது. கைட்டினேஸ், குளுக்கனேஸ் ஆகியவை பூஞ்சையின் செல்சுவரையே சிதைக்கின்றன. தேநீருக்குச் சுவை தரும் கேட்டச்சின்களும் இலையின் தற்காப்பில் பங்கேற்கின்றன என இலங்கையில் நடந்த ஆய்வுகள் காட்டின.

மரபணு வெளிப்பாடு

ஒரு நொதி எப்போது, எவ்வளவு உருவாகும் என்பதை அதற்குரிய மரபணுவின் வெளிப்பாடு பெரிதும் தீர்மானிக்கிறது. அதை அளக்க, இலையிலுள்ள ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்படுகிறது. இப்பூஞ்சையைச் செடியிலிருந்து பிரித்து வளர்ப்பது கடினம். நோயுற்ற இலையில் இரண்டின் ஆர்.என்.ஏ.வும் கலந்தே கிடைக்கும். எது யாருடையது எனப் பிரித்தறிவதே ஆய்வாளரின் முதற்பணி. 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, எதிர்ப்புத்திறன் உள்ள இரகத்தையும் நோய்க்கு எளிதில் ஆட்படும் இரகத்தையும் நோயின் பல கட்டங்களில் ஒப்பிட்டு, தற்காப்போடு தொடர்புடைய மரபணுக்களை இனங்கண்டது. உருளைக்கிழங்கின் கைட்டினேஸ் மரபணுவைத் தேயிலையில் சேர்த்து எதிர்ப்பைக் கூட்டும் சோதனைகளும் நடந்துள்ளன.

கட்டுப்பாடு

செப்பு மருந்துகள் வித்துகளின் பல நொதிகளை ஒருசேர முடக்குகின்றன. ஹெக்சகோனசோல் போன்ற டிரையசோல் மருந்துகளோ, பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டீராலை உருவாக்கும் ஒரே ஒரு நொதியைத் தடுக்கின்றன. அந்த நொதியின் மரபணு மாறினாலோ, மிகையாக வெளிப்பட்டாலோ மருந்தின் பலன் குறையும். பிற பூஞ்சைகளில் இவ்வாறு நேர்ந்துள்ளது. எனவே ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளிக்காமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. நிழல் மரக் கிளைகளைக் கழித்து வெயில் படச் செய்வதும், பறிப்புச் சுற்றைக் குறுக்குவதும் துணைபுரியும்.

நிலையான தீர்வு எதிர்ப்புத்திறன் மிக்க இரகங்களே. அவை பரவினால் தெளிப்பு குறையும். விளைச்சலோடு, மருந்து தெளிக்கும் தொழிலாளரின் உடல்நலமும் காக்கப்படும்.