சுமைகூலியின் வரலாறு: டிஜிட்டல் குறும்படமும் இணைய விநியோகமும், 1995–2007

டிஜிட்டல் குறும்படத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கேமராவிலிருந்து தொடங்குகிறார்கள். 1995இல் மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) நாடாவும் அதில் பதிவுசெய்யும் சோனி விஎக்ஸ்1000 கேமராவும் வந்தன. 1999இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஃபைனல் கட் புரோ, ஐமூவி ஆகிய படத்தொகுப்பு மென்பொருள்கள் வந்தன. ஸ்டூடியோக்களின் பிடியிலிருந்து சினிமா விடுபட்டது என்று அந்த வரலாறு முடிகிறது. இந்த வரிசை சரிதான். இதிலிருந்து பெறும் முடிவுதான் பாதி சரி. படம் எடுக்கும் செலவு குறைந்ததால் குறும்படங்கள் பெருகின. ஆனால் அவற்றின் நீளம், வடிவம், பார்வையாளர், வருமானம் ஆகிய நான்கையும் தீர்மானித்தது, படத்தைக் கொண்டுசேர்க்க ஆன செலவும் அதை யார் ஏற்றார்கள் என்பதும்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி, 1995 முதல் 2007 வரையிலான அமெரிக்க டிஜிட்டல் குறும்பட வரலாற்றுக்குப் பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தயாரிப்புச் செலவு எவ்வளவு குறைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 400 அடி 16 மி.மீ. ஃபிலிம் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம்தான் ஓடும். சுருளை வாங்கவும், லேபில் கழுவவும், பிரின்ட் போடவும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். ஒரு மினி டிவி நாடாவிலோ 60 நிமிடம் பதிவாகும். லேபுக்கு வேலையே இல்லை. ஒரு ஃபயர்வயர் கேபிள் போதும், காட்சி கணினிக்குள் வந்துவிடும். ஸ்டீஃபன் அவலோஸும் லான்ஸ் வைலரும் 1998இல் ‘தி லாஸ்ட் பிராட்காஸ்ட்’ என்ற முழுநீளப் படத்தைச் சுமார் 900 டாலரில் எடுத்து முடிக்க முடிந்தது இதனால்தான். அந்தப் படத்தை மக்களுக்குக் காட்டுவதோ வேறு கணக்காக இருந்தது. அதை ஐந்து நகரங்களின் திரையரங்குகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. 900 டாலரில் படம் எடுக்கலாம். அந்தத் தொகையில் செயற்கைக்கோளை அமர்த்த முடியாது.

இணையம் இந்த இடைவெளியை நிரப்பியது, ஆனால் கடுமையான நிபந்தனையோடு. 2000ஆம் ஆண்டு புரூஸ் பிரானிட், ஜெரமி ஹன்ட் ஆகிய இரு விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் ‘405’ என்ற படத்தை எடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸின் 405 நெடுஞ்சாலையில் ஒரு பயணிகள் விமானம் இறங்குகிறது, முன்னே ஒரு ஜீப் போய்க்கொண்டிருக்கிறது, கதை அவ்வளவுதான். விமானம் வீட்டுக் கணினியில் உருவானது; ஜீப்பை ஓட்டுபவராக நடித்தவரும் ஹன்ட்தான். படத்தின் நீளம் ஏறத்தாழ மூன்று நிமிடம். மினி டிவி நாடாவின் வடிவில் ஒரு வினாடிக் காட்சிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் வேண்டும் என்பதால், மூன்று நிமிடம் 650 மெகாபைட்டை நெருங்கும். அன்றைய வீடுகளில் இருந்த 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் அதை இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். 10 மெகாபைட்டாகச் சுருக்கினால்கூட 24 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் காத்திருப்பவருக்கு மெல்ல விரியும் கதை உதவாது. ஒரே சூழல், ஒரே திருப்பம், கண்ட உடனே புரியும் களம் ஆகியவை இணையக் குறும்படத்தின் இலக்கணமாயின. கெவின் ரூபியோவின் ‘ட்ரூப்ஸ்’ (1997) போன்ற, ‘ஸ்டார் வார்ஸ்’ உலகைப் பகடி செய்த ரசிகர் படங்கள் பரவியதற்கும் இது ஒரு காரணம்: களத்தை விளக்க ஒரு நொடிகூட அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

‘405’ பரவியது ஐஃபிலிம் தளத்தின் வழியாக. மிக்கா சால்மி சியாட்டிலில் தொடங்கிய ஆட்டம்ஃபிலிம்ஸ் இன்னொரு படி மேலே போனது: படங்களைத் தேர்ந்தெடுத்து, உரிமம் பெற்று, இயக்குநருக்குப் பங்கு கொடுத்து, தொலைக்காட்சிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் விற்றது. குறும்படத்துக்குச் சந்தை என்று ஒன்றை உண்டாக்க முயன்ற நேர்மையான ஏற்பாடு அது. ஆனால் தொலைக்காட்சியில் ஒரு பார்வையாளர் கூடினால் ஒளிபரப்புச் செலவு கூடாது. இணையத்தில் ஒவ்வொரு பார்வையாளரும் சர்வர் கட்டணத்தில் ஏறுகிறார். படம் வெற்றி பெறப் பெற இழுத்துச் செல்லும் கூலியும் ஏறியது. அதை ஏற்றது முதலீட்டாளர்களின் பணம். 2000இல் அந்தப் பணம் வற்றியது. டென் என்ற இணைய வீடியோ நிறுவனம் மே மாதம் மூடப்பட்டது. ட்ரீம்வொர்க்ஸ், இமாஜின் ஆகிய நிறுவனங்கள் திட்டமிட்ட பாப்.காம், தொடங்கும் முன்பே செப்டம்பரில் கைவிடப்பட்டது. ஆட்டம்ஃபிலிம்ஸ் ஷாக்வேவ் நிறுவனத்தோடு இணைந்தது.

இந்த வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். மலிவான கேமரா இல்லையென்றால் அனுப்புவதற்குப் படமே இருந்திருக்காதே என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் கேமரா மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் 1995 முடிந்த உடனே குறும்படப் பார்வையாளர் திரண்டிருக்க வேண்டும். அப்படித் திரளப் பத்தாண்டு பிடித்தது. இணையத்தில் குறும்படம் பார்க்க ஆளில்லை என்பதையே 2000இன் வீழ்ச்சி காட்டுகிறது என்பது இரண்டாவது மறுப்பு. வீழ்ந்தவை நிறுவனங்கள், பார்வையாளர் விலகவில்லை. வயாகாம் 2005இல் ஐஃபிலிமை 4.9 கோடி டாலருக்கும், அதன் எம்டிவி நெட்வொர்க்ஸ் பிரிவு 2006இல் ஆட்டம்ஃபிலிம்ஸை உள்ளடக்கிய ஆட்டம் நிறுவனத்தை 20 கோடி டாலருக்கும் வாங்கியதை, ஆளில்லாத சந்தை என்ற கருத்தைக் கொண்டு விளக்க முடியாது.

சுமைகூலியின் கணக்கு மாறியது 2002க்குப் பிறகு. ஃபிளாஷ் பிளேயருக்குள்ளேயே வீடியோ ஓடத் தொடங்கியது. தனி மென்பொருள் தேவையில்லாமல் போனது. பிராட்பேண்ட் வீடுகளுக்குப் பரவியது. 2005இல் வந்த யூடியூபை 2006இல் கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியபோது, உலகின் குறும்படச் சுமை முழுவதையும் ஒரே பெருநிறுவனம் சுமக்க முன்வந்தது. இதை முழு ஜனநாயகம் என்று கொண்டாடுவோர் இரண்டு இழப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்து முன்நிறுத்தும் ஆள் போனார். பங்குத் தொகையும் போனது. யூடியூப் தன் படைப்பாளிகளோடு விளம்பர வருமானத்தைப் பகிரத் தொடங்கியது 2007இல்தான். நீளத்தை வகுக்கும் அதிகாரமும் வழியை வைத்திருப்பவரிடமே இருந்தது: 2006இல் பெரும்பாலான கணக்குகளுக்கு 10 நிமிட வரம்பு விதிக்கப்பட்டது.

இந்தக் காலகட்டத்துக்குப் பின் வந்த தமிழ்க் குறும்பட எழுச்சியும் இந்த வாதத்துக்குச் சான்று தருகிறது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், தொலைக்காட்சி அறிமுகப்படுத்தியது, யூடியூப் சுமந்து சென்றது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படம் அதே பெயரில் 2012இல் திரைப்படமானது. அதே நிகழ்ச்சியிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012), நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) ஆகிய திரைப்படங்கள் தொடர்ந்தன. ஆட்டம்ஃபிலிம்ஸ் ஒரே கூரையின் கீழ் செய்ய முயன்ற தேர்வும் விநியோகமும் இங்கே இரண்டு கைகளில் பிரிந்து நடந்தன. இயக்குநருக்குரிய கூலி மட்டும் குறும்படத்தால் கிடைக்காமல், அடுத்து வந்த திரைப்படத்தால் கிடைத்தது. குறும்படம் தன் காலில் நிற்கும் கலையாகாமல் திரைப்படத்துக்கான நுழைவுச்சீட்டாகவே இன்றும் கருதப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது. குறும்பட வரலாற்றை இனி எழுதுவோர், எந்தக் கேமராவில் எடுத்தார்கள் என்பதோடு, கொண்டுபோன கூலியை யார் கொடுத்தார்கள், பதிலுக்கு எதைப் பெற்றார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.